கரிசற் புழக்கடையில் ஒரு மண்குடம்

வைகாசி மாதத்தில் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் ஒரு வீட்டின் புழக்கடையில் போய் நின்று பாருங்கள். தரை பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரை கையை விடலாம். பருத்திமார் ஒன்றை எடுத்து உள்ளே விட்டால் அடி தட்டாமல் இறங்கும். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கத்தரிச் செடியின் தூரில் ஊற்றினால், நீர் வேரைச் சேராமல் வெடிப்பின் வழியே எங்கோ ஆழத்துக்குப் போய்விடும். இந்தக் காட்சியைக் கண்டு மனம் தளர்ந்தவர்கள் பலர். செம்மண்ணை வண்டிக் கணக்கில் விலைக்கு வாங்கித் தொட்டிகளில் நிரப்பி, பைபையாய் உரம் வாங்கி, வீட்டுத் தோட்டம் என்றாலே பெருஞ்செலவு என்று இரண்டாம் ஆண்டில் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய காலடி மண்ணோ, தமிழகத்து மண்வகைகளுள் நீரை மிகுதியாகத் தேக்கி வைக்க வல்லது. அதன் இயல்பை அறிந்து நடந்தால் ஒரு குடமும் ஒரு களைக்கொத்தும் கொண்டு அங்கே காய்கறி எடுக்கலாம்.

கரிசலில் ஏறத்தாழப் பாதி களி. ஆனால் எல்லாக் களியும் ஒன்றன்று. செங்கல் அறுக்க உதவும் களி வேறு, கரிசலின் களி வேறு. கரிசலில் மிகுந்திருப்பது மான்ட்மொரில்லோனைட் என்னும் கனிமம். பிரான்சு நாட்டில் மான்ட்மொரில்லோன் என்ற ஊரருகே கிடைத்ததால் 1847இல் அதற்கு அப்பெயர் வந்தது. சிலிக்கத் தகடு இரண்டுக்கு நடுவே அலுமினத் தகடு ஒன்று வைத்து ஒட்டியதுபோல் அமைந்த நுண்ணிய அடுக்குகளால் ஆனது அது. ஓர் அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர்தான். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிடிப்பு மிகத் தளர்வானது. ஆகவே நீர் எளிதில் இடைபுகுந்து அடுக்குகளை விலக்குகிறது, மண் உப்புகிறது. நீர் வெளியேறினால் அடுக்குகள் நெருங்குகின்றன, மண் சுருங்கிப் பிளக்கிறது. இக்கனிமத்தின் ஒரு கிராமில் உள்ள அடுக்குகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரை பரப்பு கிடைக்கும். பத்துக் கிராம் இருந்தால் ஒரு கால்பந்துத் திடலையே மூடிவிடலாம். அத்தனை பரப்பிலும் நீர் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. ஆழமான கரிசலில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் செடிக்குப் பயன்படும் நீராக மட்டும் 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை தங்கும். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு இது 150 முதல் 200 லிட்டர்.

தேக்கி வைப்பதில் தாராளமான இம்மண், கொடுப்பதில் சற்றுக் கைப்பிடித்தம் உடையது. கடைசிப் பங்கு நீரைக் களி விடாப்பிடியாய்ப் பற்றிக்கொள்ளும். 15 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுவிசையுடன் மண் நீரைப் பற்றும் நிலை வந்துவிட்டால் பெரும்பாலான பயிர்களின் வேர் தோற்றுப் போகும், இலை வாடும். அந்நேரத்திலும் கரிசலில் ஈரம் இருக்கத்தான் செய்யும். கையில் எடுத்தால் குளிர்ச்சி தெரியும், ஆனால் செடிக்கு எட்டாது. மணலில் இருப்பது குறைவு, இருப்பதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். ஆகையால் கரிசலில் தோட்டம் போடுபவர் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. மண்ணை முற்றிலும் உலரவிடக் கூடாது. உலராமல் காப்பதற்கு மிகக் குறைந்த நீர், சிறுகச் சிறுக, இடைவிடாமல் கிடைத்தால் போதும்.

இந்த மண்ணைப் பற்றிய முறையான ஆய்வு கோவில்பட்டிக்குப் புதிதன்று. இங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. மானாவாரிப் பருத்தி, சோளம், பயறு ஆகியவற்றில் நூறாண்டுக்கு மேலான அறிவு அங்கே குவிந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த கோ. நம்மாழ்வார் 1963இல் பணியில் சேர்ந்ததும் இங்கேதான். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு உரம் என்ற சோதனைகள் அவர் பொறுப்பில் இருந்தன. மழையை மட்டும் நம்பி வாழும் ஏழை உழவர் விலைகொடுத்து வாங்க இயலாத இடுபொருள்களை வைத்துச் செய்யும் சோதனையால் அந்த உழவருக்கு என்ன பயன் என்ற கேள்வி நம்மாழ்வாருள் எழுந்தது. 1969இல் பணியை விட்டு விலகினார். அதன்பின் களக்காட்டுப் பகுதியில், நோபல் அமைதிப் பரிசு பெற்ற தோமினிக் பியர் நிறுவிய அமைதித் தீவு அமைப்பில் உழவர்களோடு பணி செய்தார். 2013 திசம்பர் 30இல் மறையும் வரை அந்தக் கேள்வியைத் தமிழ்நாடெங்கும் சுமந்து நடந்தார்.

அக்கேள்வி பிறந்த இடம் கோவில்பட்டிக் கரிசல் என்பதை நான் முதன்மையாகக் கருதுகிறேன். வாய்க்கால் பாயும் ஊரில் செலவும் வரவும் எப்படியோ சரிக்கட்டிப் போகும். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழையும், அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கொட்டுவதுமாக இருக்கும் நிலத்தில் ஒவ்வொரு காசும் கணக்குக் கேட்கும். நிலையத்தின் மண்ணறிவையும் நம்மாழ்வாரின் கேள்வியையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்துவோர் உண்டு. ஒரு புழக்கடைக்கு இரண்டும் வேண்டும். மண்ணை அளந்து அறியாமல் சிக்கனம் செய்ய முடியாது.

அளப்பதற்குக் கருவி ஏதும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீரை எடுத்துக்கொள்ளுங்கள். புழக்கடை மண்ணில் நன்கு உலர்ந்த ஒரு சிறு கட்டியை, துவரம்பருப்பு அளவில், மெல்ல உள்ளே இடுங்கள். அசைக்காமல், கலக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் சின்னஞ்சிறு காற்றுக் குமிழ்கள் ஏறும். கட்டியின் விளிம்பு உதிரத் தொடங்கும். சில நிமிடங்களில் அது ஒரு சிறு குவியலாகச் சரிந்துவிடும். சுற்றியுள்ள நீர் தெளிவாகவே இருந்தால் மண்ணில் மக்கு குறைவு, அவ்வளவுதான். தழையும் எருவும் இட்டு வந்தால் கட்டிகள் உறுதிப்படும். குவியலைச் சுற்றிப் பால் கலங்கியது போல ஒரு வளையம் எழுந்து பரவினால் மண்ணில் சோடியம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஆத்திரேலிய மண்ணியல் அறிஞர் எமர்சன் 1967இல் வகைப்படுத்தித் தந்த முறை இது. இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அருமையான ஊர்களில் துணி துவைத்த நீரையும் செடிக்கு விடுவது வழக்கம். நோக்கம் நல்லது. ஆனால் சோப்பிலும் சலவைத்தூளிலும் உள்ள சோடியம், களியின் அடுக்குகளில் கால்சியம் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் களித்துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். சோடியம் அவற்றைப் பிரித்துக் கலைக்கும். கலைந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். பின்னர் மழை பெய்தால் நீர் இறங்காது, வெயில் காய்ந்தால் தரை ஓடு போல் இறுகும். மணற்பாங்கான மண் இதைச் சிறிது தாங்கும், கரிசல் தாங்காது. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் தாராளமாகச் செடிக்குப் போகலாம். சலவை நீரைத் தோட்டத்துக்குள் விடாதிருப்பதே நல்லது. ஏற்கெனவே கெட்ட மண்ணுக்கு ஜிப்சம் மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். வெளியேறிய சோடியத்தை நல்ல நீர் கீழே கொண்டு போக வேண்டும்.

இன்னொரு சோதனையும் எளிதே. மண்ணைக் கிளறும்போது வெள்ளை வெள்ளையாய்ச் சிறு கற்கள் தட்டுப்படும். சுக்கான்கல் என்பார்கள். அதன்மேல் வினிகர் சில துளி விட்டால் பொங்கும். கால்சியம் கார்பனேட்டு அது. கரிசலின் காரத்தன்மைக்கு அதுவே காரணம். கார அமில அளவுகோலில் இம்மண் 8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். இதை அறிந்தால், பிற ஊர்த் தோட்டக்காரர் சொல்லும் மலிவான வழிகள் சில இங்கே உதவாமல் போவதன் காரணம் விளங்கும். முட்டை ஓட்டைப் பொடித்து இடச் சொல்வார்கள். அது சுண்ணாம்பு, கரிசலில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அடுப்புச் சாம்பல் அமில மண்ணுக்கு நல்லது, இங்கே காரத்தை மேலும் ஏற்றும். மல்லிகையிலும் ரோசாவிலும் இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் துருப்பிடித்த ஆணிகளைத் தூரில் புதைப்பார்கள். கரிசலில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தால் கரையாமல் பூட்டுண்டு கிடக்கிறது. துருவும் அதே கரையா இரும்புதான். மாறாக, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து, அரை எலுமிச்சையைப் பிழிந்து, மாலை வேளையில் இலைமேல் தெளித்தால் அடுத்துவரும் தளிர் பச்சை கட்டும். மண்ணின் வழியே போக முடியாத இரும்பு இலையின் வழியே போய்ச் சேர்கிறது.

இனி நீர். மண்குடப் பாசனம் பழைமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனத்தில் ஃபான் செங்சி எழுதிய வேளாண் நூலில், குடத்தைப் புதைத்துச் சுற்றிலும் வெள்ளரி இனக் கொடிகளை நடும் முறை கூறப்பட்டுள்ளது. இந்தியாவில் கர்னாலில் உள்ள நடுவண் உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970களில் இதை ஆராய்ந்தனர். இதன் இயக்கம் மிக அழகானது. சுட்ட மண்ணின் சுவரெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். குடத்தைச் சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் அதன் உறிஞ்சுவிசை குடத்து நீரைச் சுவரின் வழியே இழுக்கும். மண் நனைந்துவிட்டால் விசை தளரும், கசிவும் குறையும். செடி நீரைக் குடிக்கும்போது மண் காய்ந்து மீண்டும் இழுக்கும். எவ்வளவு நீர் வேண்டும் என்பதை மண்ணே கேட்டு வாங்கிக்கொள்கிறது. மேற்பரப்பு நனையாததால் வெயிலுக்கு ஆவியாகிப் போவதும் குறைவு, களை முளைப்பதும் குறைவு. முன்பு சொன்ன குறை, அதாவது ஊற்றிய நீர் வெடிப்புக்குள் ஓடிவிடுவது, இங்கே நேர்வதில்லை. குடத்தைச் சுற்றி ஈரம் மாறாமல் இருப்பதால் அவ்விடத்தில் வெடிப்பே விழாது.

குடம் வாங்கும்போது வழவழப்பும் வண்ணமும் பார்க்கக் கூடாது. சாயமோ மெருகோ பூசிய குடம் கசியாது. சாதாரணத் தண்ணீர்க் குடத்தில் நீர் ஊற்றி நிழலில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரம் பூத்துக் கறுக்க வேண்டும். 5 முதல் 8 லிட்டர் கொள்ளும் குடம் ஏற்றது. குழியைக் குடத்தின் அகலத்தைவிட நான்கு விரல் கூடுதலாகத் தோண்டுங்கள். கரிசலில் மட்டும் கைக்கொள்ள வேண்டிய ஒரு காப்பு இங்கே உண்டு. மழையில் கரிசல் உப்பும்போது அதன் நெருக்கு குடத்தை உடைத்துவிடக் கூடும். எனவே குடத்துக்கும் மண்ணுக்கும் இடையே மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்ப வேண்டும். அந்த மெத்தை நெருக்கைத் தாங்கிக்கொள்ளும், ஈரத்தையும் வெளியே கடத்தும். குடத்தின் கழுத்து தரைக்கு மேல் இரண்டு விரல் நிற்கட்டும். வாயை ஓர் ஓட்டுச்சில்லால் மூடுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். ஒரு சாண் தொலைவில் சுற்றிலும் நான்கு செடி. கத்தரி, வெண்டை, பீர்க்கு, தட்டைப்பயறு எதுவும் வைக்கலாம்.

குடத்தில் ஊற்ற மழைநீரே முதல்தரம். இப்பகுதியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. அவை குடத்தின் துளைகளில் படிந்து அடைக்கும். கோவில்பட்டி நகருக்குத் தாமிரபரணியிலிருந்து குழாய்வழி வரும் நீர் நல்ல நீர்தான், ஆனால் அது குடிப்பதற்குரியது. கூரையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். நனைந்தும் தெறித்தும் போவதை ஐந்தில் ஒரு பங்கெனக் கழித்தாலும் 800 லிட்டர் கையில் நிற்கும். ஆண்டு முழுவதும் பெய்யும் 700 மில்லிமீட்டருக்கு 28,000 லிட்டர். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் கீழ், மூடியுள்ள ஒரு பழைய பீப்பாயை வைத்தாலே சில குடங்களுக்குப் பல வாரம் ஊற்றலாம். முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

மேலே சொன்ன வெடிப்புகளை எதிரியாக நினைக்க வேண்டாம். மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுவதும், மழையில் அடிமண் உப்பி மேலெழுவதுமாகக் கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. அந்த உழவில் நாமும் பங்கெடுக்கலாம். கருநாடக, மகாராட்டிரக் கரிசல் நிலங்களில் குறுகிய பள்ளம் வெட்டி, அதில் சோளத்தட்டையை நெட்டாக நட்டு, நுனி தரைக்கு மேல் நிற்கும்படி விடும் முறையொன்று உண்டு. செங்குத்து மூடாக்கு என்பார்கள். மழைநீர் தட்டையின் வழியே ஆழத்துக்கு இறங்கும். களி உப்பினாலும் வழி அடைபடாது. புழக்கடையில் பள்ளம் வெட்டும் வேலையும் இல்லை, வெயிலே வெட்டி வைத்திருக்கிறது. ஆவணியில், மழைக்கு முன், அகலமான வெடிப்புகளில் உலர்ந்த சருகையும் ஒடித்த கம்பந்தட்டையையும் மக்கிய எருவையும் திணித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும்போது, நீங்கள் கொடுத்த தழை இரண்டடி ஆழத்தில் வேருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். கறுப்பு நிறத்தைக் கண்டு கரிசலில் மக்கு மிகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நூற்றுக்கு ஒரு பங்கு கரிமம்கூட அதில் இருப்பது அரிது. சிறிதளவு மக்கு களியோடு இறுகப் பிணைந்திருப்பதே அந்தக் கருமையைத் தருகிறது.

மேற்பரப்புக்குக் கடலைத் தொலி நல்ல மூடாக்கு. கடலைமிட்டாய்க்குப் பெயர் போன வட்டாரத்தில், கடலை உடைக்கும் ஆலைகளின் பக்கம் அது குவிந்து கிடப்பதைக் காணலாம். மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் வெயில் நேரே படாது, மழைத்துளி அறைந்து மண் இறுகுவதும் நிற்கும். தொலி கிடைக்காதவர்கள் களைக்கொத்தால் மேலாக ஓர் அங்குலம் கொத்தி விட்டாலே போதும். கொத்திய புழுதி வெடிப்பின் வாயை மூடும், கீழிருந்து ஈரம் ஏறிவரும் நுண்குழல்களை அறுக்கும். கரிசற்காட்டு உழவர்கள் பயிரின் இடையே ஓயாமல் கொத்துவது களைக்காக மட்டும் அன்று.

தழைச்சத்துக்கு அவரையும் தட்டைப்பயறும் இருக்கின்றன. பயற்றுச் செடி ஒன்றைப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு அகழ்ந்தெடுத்து, வேரில் முண்டுமுண்டாய் இருக்கும் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. நம் குருதியில் உள்ள சிவப்புப் பொருளுக்கு உறவான ஒன்றே அந்நிறத்தைத் தருகிறது. காற்றின் நைட்ரசனை இம்முடிச்சுகளின் நுண்ணுயிர்கள் பிடித்துத் தருகின்றன என்பதை செருமானிய அறிஞர் எல்ரீகல் 1880களில் நிறுவினார். ஆனால் காய் முற்றி விளைந்தால் அந்தச் சத்தில் பெரும்பங்கு விதைக்குள் போய்விடும். ஆகவே பிஞ்சும் காயுமாகப் பறித்து உண்டபின் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, தழையை அங்கேயே போட்டு, வேரை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும்.

பூச்சிக்கு வேம்பு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் மேய்ந்து தீர்த்தபோது வேப்ப மரங்களை மட்டும் தொடாமல் போனதை செருமானியரான சுமுட்டரர் கண்டார். 1962இல் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதானும் உடன்பணியாளரும், வேப்பம்பருப்பைக் கரைத்துத் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தின்னாததைச் சோதனையால் காட்டினர். 1968இல் இங்கிலாந்தில் அதன் வேதிப்பொருளான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. புழு அதை உண்டால் பசி மடங்கும், தோலுரிக்க முடியாமல் அழியும். ஆனி ஆடியில் மரத்தடியில் உதிரும் வேப்பம்பழங்களைச் சேர்த்து, சதையைக் கழுவிக் கொட்டையை நிழலில் உலர்த்துங்கள். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் காதிச் சோப்பைச் சிறிது கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். வெயில் அசாடிராக்டினைச் சிதைக்கும் என்பதால் காலையில் தெளிப்பது வீண். கரைசலை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

எங்கள் புழக்கடையில் புரட்டாசியில் புதைத்த குடம் ஒன்றை, காய் ஓய்ந்தபின் மாசிக் கடைசியில் தோண்டினோம். மேலே இரண்டு விரல் ஆழத்துக்கு மண் உலர்ந்து பொடிந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி ஈரத்தில் வழுக்கியது. குடத்தை இரு கையாலும் அசைத்து எடுத்தபோது தனியாக வரவில்லை. கத்தரியின் வேரும் பீர்க்கின் வேரும் நூல்நூலாகப் பின்னி அதன் வயிற்றை வலைபோல் மூடியிருந்தன. வேர் நுனிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. ஒரு பக்கம் விரலால் உரித்துப் பார்த்தோம். அடியில் சுடுமண்ணின் சிவப்பு அப்படியே இருந்தது. மழைநீர் தீர்ந்த நாட்களில் கிணற்று நீர் ஊற்றியதன் அடையாளமாக, கழுத்தருகே மட்டும் வெள்ளைப் படலம் ஒரு விரல் அகலத்துக்குப் படிந்திருந்தது. வினிகர் கலந்த நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தோம். மறுநாள் காலை நீர் ஊற்றி நிழலில் வைத்தோம். நண்பகலுக்குள் கழுத்து வரை ஈரம் பூத்துவிட்டது.